பேச்சு மொழிச் சிகிச்சைத் துறையில் உயர்கல்வி

எழுத்துக்கள் பிறக்கும் முறையைத் தனியோர் இயலாக வகுத்து ஆராய்ந்த பெருமை தமிழிலக்கணத்திற்கு உண்டு. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், அடிவயிற்றினின்று மேலெழும் காற்றானது மிடறு, நா, இதழ் முதலிய எட்டு உறுப்புக்களின் தொழிலால் வேறுவேறு ஒலிகளாகத் திரியுமாற்றை விளக்குகின்றது. பேச்சு எவ்வாறு பிறக்கின்றது என்பது இலக்கண நூலார் வினா. அது பிறவாதவிடத்துச் செய்யத்தக்கது யாது என்பதே பேச்சு மொழிச் சிகிச்சையாளர் வினா.

இத்துறையின் எல்லை பலரும் கருதுவதினும் விரிந்தது. காலந்தாழ்த்துப் பேசும் குழந்தை, திக்கிப் பேசும் மாணவன், பிளவுபட்ட அண்ணத்துடன் பிறந்த மகவு, குரல் கெட்ட ஆசிரியர், பாரிசவாதத்தால் மொழியை இழந்த முதியவர் ஆகிய யாவரும் இச்சிகிச்சைக்கு உரியவர். உணவும் நீரும் மூச்சுக்குழாயிற் புகாவண்ணம் விழுங்கப் பயிற்றுவதும் இவர்கள் பணியே. 1861ஆம் ஆண்டிற் பாரிஸ் நகர மருத்துவர் போல் புறோக்கா, மூளையின் இடப்புற முன்பகுதி பழுதுற்றாற் பேச்சு அழியும் என்பதைக் காட்டினார். 1874இல் ஜேர்மனியரான கார்ள் வேர்ணிக்கே, சொற்களின் பொருளை உணரும் ஆற்றல் கெடுவதற்கு வேறொரு பகுதியின் பழுது காரணமாதலை விளக்கினார். 1925இல் அமெரிக்காவில் இத்துறையினர்க்கெனச் சங்கமொன்று தோன்றியது. இளமையிற் கடுந்திக்கலால் வருந்திய சார்ல்ஸ் வான் றைப்பர் (1905–1994) என்பவரே பிற்காலத்தில் திக்கற் சிகிச்சைக்கு நெறி வகுத்த பேராசிரியராய் விளங்கினார்.

இனி, இத்துறை தமிழ் மக்களிடையே வழங்குங்கால் எழும் இடர்ப்பாட்டை நோக்குவோம். நாடித்துடிப்பை எண்ணுதற்கு மொழி வேண்டுவதில்லை. பேச்சை அளப்பதற்கு மொழியே கருவி. ஆங்கிலக் குழந்தைகளைக் கொண்டு அமைத்த சோதனையை மொழிபெயர்த்த மாத்திரத்தே அது தமிழ்ச் சோதனையாகிவிடாது. ஐந்து வயதுப் பிள்ளை ‘காக்கா’ என்பதைத் ‘தாத்தா’ என்று சொல்லுமாயின், நாவின் பின்புறத்தால் ஒலிக்கவேண்டியதை அது நுனியால் ஒலிக்கின்றது. அது திருத்தப்படவேண்டிய குறை. அதே பிள்ளை ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று சொல்லுமாயின், அதன் தாயும் அயலாரும் அவ்வாறே சொல்கின்றனரா என்று முதலில் அறியவேண்டும். ழகரத்தை ளகரமாக ஒலித்தல் தமிழ் வழங்கும் பல வட்டாரங்களின் இயல்பு. அது வழக்கேயன்றி நோயன்று. இவ்வேறுபாட்டை அறியாத சிகிச்சையாளர் நலமுள்ள பிள்ளையை நோயாளியாக்குவர். நோயுள்ள பிள்ளையை நலமுடையதென்று விடுத்தலுங்கூடும்.

மொழியிழந்த முதியவர் திறத்தும் இஃதொக்கும். தமிழில் வேற்றுமையும் காலமும் பாலும் பெரும்பாலும் சொல்லின் இறுதியில் நிற்கும் உருபுகளாலும் விகுதிகளாலும் உணர்த்தப்படும். ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’, ‘வீட்டிலிருந்து’ என்பவற்றுள் எதனை அவர் உணர்கின்றார், எதனை உணர்ந்தும் சொல்லமாட்டாதிருக்கின்றார் என்பதை ஆங்கில வாக்கியங்கொண்டு அளத்தல் இயலாது.

வத்தேகம போன்ற ஊர்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. இல்லத்திற் பேசுவது தமிழ். கடைத்தெருவிற் கேட்பது சிங்களம். பள்ளியிற் கற்பது தமிழோடு ஆங்கிலமும். இருமொழி வழக்கத்தாற் பேச்சுக் குறை உண்டாவதில்லை. மெய்யான மொழிக்குறை குழந்தை வழங்கும் எல்லா மொழிகளிலும் தோன்றும்; ஒரு மொழியில் மட்டும் காணப்படும் தளர்ச்சி பெரும்பாலும் பழக்கக் குறைவேயாம். ஆதலின் இரு மொழியிலும் ஆராய்ந்தே முடிவு கூறல் வேண்டும்.

இத்துறையிற் புக விரும்பும் மாணவர்க்கு வழி யாது? இலங்கையில் ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், பேச்சு கேட்டல் விஞ்ஞானங்களில் நான்காண்டுச் சிறப்பு விஞ்ஞானமாணிப் பட்டம் வழங்கப்படுகின்றது. உயர்தர வகுப்பில் உயிரியற் பிரிவிற் கற்றோர் அதற்கு உரியர். இந்தியாவில் 1965ஆம் ஆண்டு மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவகம், இளமாணி முதற் கலாநிதிப் பட்டம் ஈறாகக் கற்பிக்கின்றது.

கலாநிதிப் பட்டம் என்பதும் ஒரே தன்மைத்தன்று. ஆராய்ச்சிக் கலாநிதிப் பட்டம் புதிய அறிவைத் தேடுவோர்க்கும் பல்கலைக்கழக ஆசிரியராக விழைவோர்க்கும் உரியது. சிகிச்சைசார் கலாநிதிப் பட்டமோ, முதுமாணிப் பட்டமும் தொழிற் பயிற்சியும் பெற்றோர் ஒரு குறித்த நோய்ப்பிரிவில் மேலும் தேர்ச்சி பெறுதற்கும், துறையை நடத்துதற்கும், ஆராய்ச்சி முடிபுகளை நோயாளியின் படுக்கையருகே கொண்டுசெல்லுதற்கும் ஏற்பட்டது. அமெரிக்காவிற் செவித்திறன் ஆய்வாளராதற்குச் சிகிச்சைசார் கலாநிதிப் பட்டம் இன்றியமையாதது. பேச்சு மொழிச் சிகிச்சையாளராதற்கு முதுமாணிப் பட்டமே போதும். ஆகவே பின்னவர்க்கு அக்கலாநிதிப் பட்டம் விரும்பிப் பெறுவதேயன்றிக் கட்டாயமானதன்று. அதனைப் பெற்றவர் மருந்தெழுதும் வைத்தியராவதும் இல்லை.

அங்ஙனமாயின் பெரும் பொருளும் ஆண்டுகளும் செலவிட்டு அதனைப் பெறுதல் எற்றுக்கு எனின், பெயர்முன் நிற்கும் பட்டத்தின் பொருட்டாயின் அது வேண்டாவென்றே கூறலாம். தீர்க்கவேண்டிய வினாவொன்று தொழிலினின்றே எழுந்திருப்பின், அது தகும். மலையகத் தமிழ்க் குழந்தை எவ்வயதில் எவ்வொலியைப் பெறுகின்றது? மொழியிழந்த தமிழருக்கு எச்சொற்களை முதலிற் பயிற்றுதல் நன்று? இவை போன்ற வினாக்களுக்கு விடை காணத்தக்கோர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, இருமொழிச் சூழலில் வளர்ந்து, சிகிச்சையிலும் தேர்ந்தோரே. ஆதலின் இத்துறையை நாடும் மாணாக்கர் முதலிற் சிலவாண்டுகள் நோயாளரிடையே பணியாற்றுக. அங்கே எழும் வினாவைக் குறித்துக்கொள்க. பின்னர் அவ்வினாவுக்கு எப்பட்டம் துணையாகும் என ஆராய்ந்து தெரிக. உயிரியலோடு தமிழிலக்கணத்தையும் கைவிடாது கற்க. பிறப்பியலைப் பரீட்சைக்காக மனனஞ்செய்யும் மாணவன், அவ்வறிவாற் பேசாத குழந்தையொன்றைப் பேசுவிக்கும் நாளும் வரக்கூடும்.