நிறக்கோடு சொல்லும் வயது

சிறுமலையில் நின்று மேற்கே நோக்கினால், சமவெளிக்கு அப்பால் பழனி மலைத்தொடர் நீலக் கோடாகத் தெரியும். அத்தொடரிலுள்ள கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வகம் ஒன்று நிறுவப்பட்டது. 1909ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அங்குப் பணியாற்றிய ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படம் பிடித்தார். அதன் குறுக்கே அமைந்த கருங்கோடுகள் தமக்குரிய இடத்திலிருந்து மயிரிழையளவு விலகியிருந்தன. புள்ளியின் ஒருபுறம் சிவப்பை நோக்கியும், மறுபுறம் நீலத்தை நோக்கியும். புள்ளிகளிலிருந்து வளிமங்கள் வெளிநோக்கிப் பாய்வதே இதற்குக் காரணம் என்று அவர் கண்டறிந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று இன்றும் இது வழங்கப்படுகிறது.

நெருங்கி வரும் தொடர்வண்டியின் ஒலி கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது தணிந்தும் கேட்கிறதன்றோ? ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. நெருங்கும் பொருளின் ஒளி நீலத்தை நோக்கியும், விலகும் பொருளின் ஒளி சிவப்பை நோக்கியும் பெயரும். பெயர்ச்சியின் அளவே விரைவின் அளவு.

சூரியனில் பயன்பட்ட இவ்வுத்தியை, அமெரிக்க வானியலாளர் வெஸ்டோ சிலைபர் 1912 முதல் விண்மீன் திரள்களில் கையாண்டார். ஆந்திரமேதா திரள் நம்மை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால், அவர் ஆராய்ந்தவற்றுள் மிகப் பல செம்பெயர்ச்சி காட்டின; அதாவது, விலகிக்கொண்டிருந்தன.

விரைவு தெரிந்துவிட்டது. தொலைவை அறிவதுதான் பெரும்பாடு. இரவில் சிறுமலையிலிருந்து காணும் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிந்தால், அது அருகிலுள்ள சிறுவிளக்கா, தொலைவிலுள்ள பெருவிளக்கா? விளக்கின் உண்மையான ஒளித்திறன் தெரிந்தாலன்றி விடை கூற இயலாது. ‘செபீடு’ என்னும் விண்மீன்கள் குறித்த கால இடைவெளியில் பொலிந்தும் மங்கியும் வருபவை. அவ்விடைவெளி நீளநீள, ஒளித்திறனும் மிகும் என்பதை ஹென்றியெட்டா லெவிட் 1912இல் நிறுவினார். விண்வெளியை அளக்கக் கிடைத்த நம்பகமான அளவுகோல் இது எனலாம்.

இவ்வளவுகோலின் துணையால், தொலைவிலுள்ள திரள்கள் மிகுந்த விரைவுடன் விலகுவதை 1929இல் எட்வின் ஹபிள் காட்டினார். பேரண்டம் விரிவடைகிறது என்பதை, ஜார்ஜ் லெமேத்ர் 1927இலேயே கூறியிருந்தார். திரள்கள் வெளியினூடே பறந்தோடவில்லை. அவற்றுக்கு இடைப்பட்ட வெளியே விரிகிறது.

இதிலிருந்து வயது எவ்வாறு கிடைக்கிறது? சிறுமலை அடிவாரத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிய இரு வண்டிகள் புறப்பட்டன என்று கொள்வோம். ஒன்று மணிக்கு 20 கி.மீ. விரைவில் சென்று 20 கி.மீ. தொலைவில் உள்ளது, மற்றொன்று 40 கி.மீ. விரைவில் சென்று 40 கி.மீ. தொலைவில் உள்ளது. இரண்டும் ஒரு மணி நேரத்திற்கு முன் புறப்பட்டவை. திரள்களின் தொலைவையும் அவ்வாறே விரைவால் வகுத்தால், எத்திரளை எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே காலம் கிடைக்கிறது.

ஹபிளின் கணக்கில் அக்காலம் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளே. புவியின் பாறைகளோ அதனினும் மூத்தவை! மகளைவிடத் தாய் இளையவள் என்பது போன்ற இம்முரண் இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. செபீடுகளில் இருவகை உண்டென்பதை வால்டர் பாடே கண்டறிந்து 1952இல் அறிவித்ததும், தொலைவுகள் இருமடங்காயின, வயதும் இருமடங்காயிற்று.

விரிவு வீதம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. அதனையும் கணக்கிட்டு, பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என இன்று மதிப்பிடுகின்றனர். எனினும் வழக்கு முடிந்துவிடவில்லை. 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு விலகும் விரைவு, தொடக்ககால நுண்ணலைக் கதிர்வீச்சின்படி நொடிக்கு ஏறத்தாழ 67 கி.மீ.; செபீடுகளையும் மீயொளிர் விண்மீன் வெடிப்புகளையும் கொண்டு அளந்தால் 73 கி.மீ. பின்னது சரியெனில், வயதில் ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் குறையக்கூடும். பிழை அளவுகோலில் உள்ளதா, பேரண்டத்தைப் பற்றிய கோட்பாட்டிலேயே உள்ளதா என்பதில் வானியலாளர் இன்னும் உடன்படவில்லை.