சிக்லிட் மீன் வளர்ப்பு: இனத்தை அறிந்த பின் முதலிடுவோம்

வீட்டு முற்றத்தில் நாலைந்து கண்ணாடித் தொட்டிகளை வைத்து அலங்கார மீன் வளர்ப்பவர்கள் இன்று எமது ஊர்கள் பலவற்றிலும் இருக்கிறார்கள். கடையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய பக்கத் தொழில் இது. வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் கைகொடுக்கலாம். பெரும்பாலானோர் கப்பி மீனில் தொடங்குகிறார்கள். கொஞ்சம் அனுபவம் வந்ததும் கூடிய விலை போகும் சிக்லிட் இனங்களின் பக்கம் மனம் திரும்புகிறது. பணம் கைவிட்டுப் போவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எமக்குத் தெரிந்த புடவை வியாபாரி ஒருவர் சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டு, நீலமும் சிவப்புமாகப் பளபளத்த 40 'பீகொக்' சிக்லிட் குஞ்சுகளைக் கொள்வனவு செய்தார். ஒவ்வொன்றும் 4 சென்ரிமீற்றர்தான் இருக்கும். பாதியை இலாபத்துக்கு விற்றார், மீதியை இனவிருத்திக்கு வைத்துக்கொண்டார். மூன்று மாதங்களுக்குள் மீன்களின் நிறம் மங்கிச் சாம்பலானது. வாங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் போன நம்பிக்கையைத் திருப்பி வாங்க அவரால் முடியவில்லை. அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. விற்கும் பொருளை அவர் அறிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

சிக்லிட் என்றால் என்ன?

இது ஒரு மீனின் பெயரல்ல, 1,600க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு எமது குளங்களில் பெருகிய திலாப்பியாவும் சிக்லிட்தான். எமது களப்புகளில் இயற்கையாகவே வாழும் குரோமைட் மீன்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றில் சிறிய செம்மஞ்சள் குரோமைட்டை வெளிநாட்டவர்கள் விரும்பித் தொட்டிகளில் வளர்க்கிறார்கள்.

குடும்பத்தை இனங்காண ஓர் எளிய வழி உண்டு. பெரும்பாலான மீன்களுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு நாசித் துளைகள் இருக்கும். சிக்லிட்டுக்கு ஒன்றுதான். உடலின் பக்கவாட்டில் ஓடும் கோடும் அநேகமான சிக்லிட்டுகளில் இடையில் அறுந்து, சற்றுக் கீழே மீண்டும் தொடங்கும்.

வியாபாரத்தில் புழங்குபவை மூன்று வகை. முதலாவது, தென் அமெரிக்காவின் ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார். இரண்டாவது, மத்திய அமெரிக்காவின் கொன்விக்ட் போன்றவை. மூன்றாவது, ஆபிரிக்காவின் மலாவி, தங்கனிக்கா ஏரிகளின் வண்ண மீன்கள்.

உங்கள் கிணறு என்ன சொல்கிறது?

மீனைத் தெரிவு செய்யமுன் தண்ணீரைப் பாருங்கள். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? சவர்க்காரம் நுரைக்கச் சிரமப்படுகிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது வன்னீர். சுண்ணக்கல் நிலமான புத்தளம், யாழ்ப்பாணம் பகுதிகளிலும் உலர் வலயத்தின் பல ஊர்களிலும் இவ்வாறான நீரே உண்டு. மலாவி ஏரியின் மீன்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். அவற்றுக்கு பீ.எச். பெறுமானம் 7.7 முதல் 8.6 வரை இருப்பது நல்லது.

மழை கூடிய ஈர வலயத்தில் பொதுவாக மென்னீர் கிடைக்கும். அங்குள்ளவர்கள் ஏஞ்சல், டிஸ்கஸ் இனங்களில் இறங்கலாம். டிஸ்கஸ் மீனுக்கு பீ.எச். 6 முதல் 7 வரையும் வெப்பநிலை 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரையும் வேண்டும். வன்னீரில் அது உயிர்வாழக்கூடும், ஆனால் முட்டைகள் சரியாகப் பொரிக்காது. புத்தளத்தில் இருந்துகொண்டு டிஸ்கஸ் வளர்ப்பதும், மாவனெல்லையில் இருந்துகொண்டு மலாவி மீன் வளர்ப்பதும் முடியாத காரியமல்ல. ஆனால் தண்ணீரை மாற்றும் செலவு இலாபத்தைத் தின்றுவிடும். குழாய் நீரைப் பாவிப்பவர்கள் குளோரீன் போகும்வரை ஒரு நாளாவது காற்றோட்டத்துடன் வைத்த பின்பே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

தீனி

எல்லா சிக்லிட்டுக்கும் ஒரே தீனி என்பது தவறான எண்ணம். மலாவி ஏரியின் பாறைகளில் வாழும் 'ம்பூனா' மீன்களில் அநேகமானவை பாசியைச் சுரண்டித் தின்பவை. அவற்றின் குடல் நீளமானது. மாட்டிறைச்சி, கொழுப்புக் கூடிய தீனி என்பவற்றைக் கொடுத்தால் வயிறு வீங்கி இறக்கும். ஸ்பைருலினா கலந்த தீனியே அவற்றுக்கு உகந்தது. பீகொக், ஒஸ்கார் போன்றவை சிற்றுயிர்களை உண்பவை. அவற்றுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும்.

செலவைக் குறைக்க வீட்டிலேயே தீனி தயாரிக்கலாம். பசளிக் கீரையை அவித்து, உப்பு நீங்கக் கழுவிய கூனி இறாலுடன் சேர்த்து அரைத்து, நோன்பு காலத்தில் காய்ச்சுவது போல் கடற்பாசி காய்ச்சி அதில் கலந்து கட்டியாக்குங்கள். சீனி சேர்க்கக் கூடாது. துண்டுகளாக வெட்டிக் குளிரூட்டியில் உறைய வைத்தால் பல நாட்களுக்குப் போதும். ம்பூனாவுக்குக் கீரையைக் கூட்டுங்கள், மற்றவற்றுக்கு இறாலைக் கூட்டுங்கள்.

இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைக்குப் போதும். வளர்ந்த மீனுக்கு நாளுக்கு இரு வேளை கொடுத்து, வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம். மிஞ்சும் தீனி அழுகி அமோனியாவாக மாறும். பட்டினியால் சாகும் மீனை விட அதிகத் தீனியால் சாகும் மீனே கூட. வாரத்துக்கு ஒரு முறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவது கட்டாயம்.

இனப்பெருக்கம்

மலாவி மீன்களில் தாய் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். சுமார் மூன்று வாரங்களுக்கு அது எதுவும் தின்னாது, அல்லது மிகக் குறைவாகவே தின்னும். அக்காலத்தில் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றி, குஞ்சுகளை விட்ட பின் சில நாட்கள் நன்கு தீனி கொடுத்துத் தேற்றியே பழைய தொட்டியில் விட வேண்டும். இல்லாவிட்டால் ஆண் மீன் துரத்திக் கொன்றுவிடும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் இருந்தால் துரத்தல் பங்கிடப்படும். குஞ்சுகள் குறைவு. ஆனால் அவை பெரிதாகவே வெளிவருவதால் பொடித்த தீனியைத் தின்று பிழைக்கும்.

ஏஞ்சல் மீன் இலையிலோ சாய்த்து வைத்த ஓட்டிலோ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இரண்டு மூன்று நாட்களில் பொரித்து, மேலும் நாலைந்து நாட்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அன்று முதல் ஆட்டீமியா வேண்டும். ஒரு லீற்றர் நீரில் 25 கிராம் அளவு அயடீன் சேர்க்காத உப்பைக் கரைத்து, காற்று ஊட்டினால் 24 முதல் 36 மணித்தியாலங்களில் ஆட்டீமியா பொரிக்கும். ஆகவே குஞ்சுகள் நீந்துவதற்கு முதல் நாளே அதைப் போட்டுவிட வேண்டும். மறந்தால் முழுத் தொகுதியும் போய்விடும். டிஸ்கஸ் குஞ்சுகள் முதல் நாட்களில் பெற்றோரின் தோலில் சுரக்கும் பசையை உண்பதால் அவற்றைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது.

ஏஞ்சலில் ஆண் பெண் தெரியாது. முட்டையிடும் சமயத்தில் வெளித்தெரியும் குழாய் மெல்லியதாகக் கூரியிருந்தால் ஆண், தடித்து மொட்டையாக இருந்தால் பெண். எனவே 'சோடி' என்று சொல்வதை நம்பிப் பணம் கொடுப்பதை விட, ஆறு எட்டுக் குஞ்சுகளை வாங்கி அவை தாமாகச் சோடி சேர விடுவது மலிவு. கொன்விக்ட் இனத்தில் வயிற்றில் செம்மஞ்சள் நிறம் உள்ளது பெண்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பீகொக் இனத்தில் நிறம் ஆணுக்கே உரியது. பெண்ணும் குஞ்சும் சாம்பல் கலந்த மண்ணிறமாக இருக்கும். 4 சென்ரிமீற்றர் குஞ்சுகள் எல்லாமே ஒரே மாதிரி ஜொலித்தால் ஹோர்மோன் தீனி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தீனி நின்றதும் நிறம் போகும், அவற்றைக் கொண்டு இனவிருத்தி செய்வதும் கடினம். மேலே சொன்ன சகோதரருக்கு நடந்தது இதுதான்.

பெண் பீகொக் மீன்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதால் பல இனங்களை ஒரே தொட்டியில் விடக் கூடாது. கலப்புக் குஞ்சுகள் பிறந்தால் தூய இனமென்று அவற்றை விற்க முடியாது. ஒவ்வொரு தொட்டியிலும் இனத்தின் பெயர், வாங்கிய இடம், திகதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள்.

ஃபிளவர்ஹோர்ன் என்பது 1990களில் மலேசியாவில் உருவாக்கப்பட்ட கலப்பு மீன். அதன் ஆண்களில் பல மலடானவை. நெற்றிப் புடைப்பும் உடலிலுள்ள குறிகளும் அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். அத்தகைய பேச்சைச் சொல்லி விற்பது எமது அகீதாவுக்குப் பொருந்தாது.

கணக்கு

ஒரு ஏஞ்சல் சோடி 300 முட்டையிட்டதாக வைத்துக்கொள்வோம். 200 பொரித்து, 120 காசளவு வளர்ந்து, அங்கக் குறையுள்ள 20ஐக் கழித்தால் விற்பதற்கு மிஞ்சுவது 100. தீனி, மின்சாரம், தண்ணீர், தொட்டி அடைத்திருந்த காலம் ஆகிய எல்லாச் செலவையும் 300ஆல் அல்ல, 100ஆல் பிரிக்க வேண்டும். புதியவர்கள் அநேகர் முட்டையை எண்ணி இலாபம் பார்க்கிறார்கள். குஞ்சு பொரிக்கும் முன்பே முற்பணம் வாங்குவோர் அதன் மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.

பயிற்சி தேவைப்படுவோர் 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட 'நக்டா' எனும் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையை நாடலாம். விற்காத மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடவே கூடாது. தொட்டியிலிருந்து வெளியேறிய கத்தி மீன் கொழும்பைச் சூழவுள்ள நீர்நிலைகளில் பரவி உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சலாகியிருப்பதை நாம் காண்கிறோம்.

தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள் ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை நாம் அறிவோம். கலப்பு மீனைக் கலப்பு என்றே சொல்லி விற்றால் இன்று விலை சற்றுக் குறையும். ஆனால் அதே வாடிக்கையாளர் நாளையும் உங்கள் வீட்டுப் படியேறுவார், இன்ஷா அல்லாஹ்.