இறக்கையிலிருந்து எலும்புக்கு

விமானத்தின் இறக்கை காற்றின் விசையைத் தாங்குமா? 1950களில் பொறியாளர்கள் இதை அறிய ஒரு வழி கண்டனர். இறக்கையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வளையும் எனக் கணக்கிட்டு, அவற்றைக் கணினியில் ஒன்றிணைத்தனர். 1960இல் ரே கிளஃப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இதற்கு ‘வரம்புடைய கூறுமுறை’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். விரிசல் கண்ட அணை ஒன்றையும் அவர் இம்முறையால் ஆராய்ந்தார்.

பின்னர், மருத்துவத் துறையும் இம்முறையைக் கையாளத் தொடங்கியது. செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தினால் எலும்பின் எப்பகுதியில் அழுத்தம் மிகும் என்பதை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கணினியில் காணலாம்.

இறக்கை, அணை, எலும்பு ஆகிய மூன்றும் ஒரே இயற்பியல் விதிகளுக்கு உட்பட்டவை. எனவே, கணக்கிடும் முறையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால், எலும்பின் வலிமை ஆளுக்கு ஆள் மாறுபடும். அதை மருத்துவரிடம் கேட்டறியாவிட்டால், கணக்குச் சரியாக இருந்தும் விடை தவறாகிவிடும்.