பால் கணக்குக்குக் கீழே ஓவர்டைம்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். தேதிக் கட்டத்துக்குள் மேலே பால் கணக்கு. அரை லிட்டருக்கு ஒரு கோடு. கீழே, அதே பென்சிலால், அம்மா ஓர் எண் எழுதுவார்: 2, 3, சில நாள் 4. அவர் தைத்துக்கொண்டிருந்த கம்பெனியில் ஷிப்ட் முடிந்த பிறகும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மணிநேரங்கள் அவை. மாதம் முடிந்தால் பால்காரரிடம் கணக்கைக் காட்டிக் காசு கொடுப்பார். கம்பெனியிடம் தன் கணக்கைக் காட்டியதே இல்லை. கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. பதிவேட்டில் ஒரு தொகைக்கு எதிரே ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து. கவருக்குள் அதைவிடக் குறைந்த தொகை.

இதை 'கொஞ்சம் பிடிச்சுக்கிட்டாங்க' என்று சொல்லியே பழகிவிட்டோம். உச்ச நீதிமன்றம் இதற்கு வேறு பெயர் வைத்தது. 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைகள் நடந்த நேரம். சட்டப்படி நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் கூட்டி வந்த மேஸ்திரிகள் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு 8.25 கொடுத்தார்கள். அந்த ஒரு ரூபாயும் வழக்கானது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்திருக்கும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பி.என். பகவதி எழுதினார். அடித்து உதைத்து வேலை வாங்கினால்தான் கட்டாயம் என்று இல்லை, பசி துரத்தி ஒருவர் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டாலும் அது கட்டாயமே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

'கட்டுப்படியாகவில்லை' என்பது முதலாளிகள் எப்போதும் சொல்லும் பதில். அடிப்படைக் கூலிகூடத் தர முடியாத தொழிலுக்கு நடக்கும் உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1950களிலேயே சொல்லிவிட்டது. 2014இல் தமிழக அரசு தையல் தொழிலாளர்களின் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியபோதும் ஆடை உற்பத்தியாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2016இல் உயர்வு உறுதியானது. நிலுவையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. சம்பளச் சீட்டு கட்டாயம். காண்ட்ராக்டர் கைவிரித்தால் நிறுவனத்தின் உரிமையாளர் கொடுத்தாக வேண்டும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒரு காலக்கெடு. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும்; அதாவது, பெரும்பாலும் அதே வேலையில் இருந்துகொண்டே முதலாளி மேல் புகார் செய்ய வேண்டும். அதற்கு யாருக்குத் துணிவு வரும்? இப்போது 3 ஆண்டு. வேறு வேலை தேடிக்கொண்டு, பயம் தெளிந்த பிறகு கேட்கலாம். சம்பளம் முழுசாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 100 ரூபாய் குறைத்தால் 26 நாளுக்கு 2,600. மூன்று ஆண்டில் 93,600. அதைக் கொடுப்பதோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். ஒரே ஆளுக்கு 10 லட்சத்தைத் தாண்டிவிடும். கட்ட மறுத்தால் கலெக்டர் மூலம் நில வருவாய் பாக்கியைப் போல வசூலிப்பார்கள்.

தண்டனையில்தான் சட்டம் இளகிவிட்டது. முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும். ஐந்து ஆண்டுக்குள் மறுபடியும் செய்தால்தான் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்காரர் கல்லாவிலிருந்து ஒரே ஒரு முறை எடுத்தாலும் போலீஸ் வரும் ஊரில் இந்தச் சலுகையை என்னால் ஏற்க முடியவில்லை.

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருவர் வந்தார். ஜவுளிக்கடை வேலையை விட்டு ஐந்து மாதமாகிறது. "அக்கா, தொழிலாளர் ஆபீசுக்கு மனு எழுதித் தருவீங்களா?" என்றார். சம்பளச் சீட்டு இல்லை, வருகைப் பதிவுக்கு நகல் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு போனை எடுத்துக் கணவருடன் பேசிய வாட்ஸ்அப்பைத் திறந்தார். தினமும் ராத்திரி ஒரே வார்த்தை: 'கிளம்பிட்டேன்'. பக்கத்தில் நேரம். 9.50, 10.20, ஆடித் தள்ளுபடி மாதத்தில் 11.05.

நான் ஒரு நோட்டை எடுத்து மாதத்துக்குக் கட்டம் போட்டேன். அவர் தேதி சொல்லச் சொல்ல எழுதினேன்: 2, 3, 3, 4.