ஒரு வளைகோடும் எர்ன்ஸ்ட் காசிரரும்

தாளில் ஏறி இறங்கும் வளைகோடு ஒன்றை இழுத்துப் பாருங்கள். கணிதம் படித்தவர் அதில் சைன் வளைவைக் காண்பார். கலை ரசிகருக்கு அது அலங்கார வேலைப்பாடு. சமய நம்பிக்கையோடு பார்ப்பவருக்கு மந்திரக் குறி. ஜெர்மன் தத்துவவாதி எர்ன்ஸ்ட் காசிரர் காட்டிய எடுத்துக்காட்டு இது. இதைப் பிடித்துக்கொண்டால், ‘குறியீட்டு வடிவங்களின் தத்துவம்’ என்ற அவருடைய மூன்று தொகுதி நூலுக்குள் பயமில்லாமல் நுழையலாம்.

1874இல் பிரெஸ்லாவில் (இன்று போலந்தில் இருக்கிறது) யூதக் குடும்பத்தில் பிறந்தவர் காசிரர். மார்பர்கில் தத்துவவாதி ஹெர்மன் கோஹெனிடம் கான்ட்டின் தத்துவத்தைப் பயின்றார். கான்ட்டைப் போலக் காசிரரையும் கருத்துமுதல்வாதி என்பார்கள். அப்படிச் சொன்னதும், உலகமே மாயை என்பவர் போலும் என்று நினைத்துவிட வேண்டாம். மனம் உலகத்தை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை, தானும் அதற்கு உருக்கொடுத்தே அறிகிறது என்றார் கான்ட். அறிவியல் மட்டும்தானா உருக்கொடுக்கிறது என்று கேட்டார் காசிரர். மொழி, தொன்மம், கலை, சமயம் எல்லாமே மனிதன் உலகைக் கட்டும் வழிகள். ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம் உண்டு. இவைதான் அவருடைய ‘குறியீட்டு வடிவங்கள்’. மனிதனைப் பகுத்தறியும் விலங்கு என்பதைவிடக் குறியீடு படைக்கும் விலங்கு என்பதே பொருந்தும் என்று பின்னாளில் எழுதினார்.

1919இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே கலை வரலாற்றாசிரியர் அபி வார்பர்க்கின் நூலகத்தில் தத்துவத்துக்குப் பக்கத்திலேயே சோதிடமும் மந்திரமும் அடுக்கப்பட்டிருந்தன. தாம் யோசித்துக்கொண்டிருந்தது அலமாரியில் வரிசையாக நின்றதைப் பார்த்தவர், இங்கே நுழைந்தால் ஆண்டுக்கணக்கில் கைதிதான் என்றாராம்! கைதியாகவே இருந்தார். மூன்று தொகுதிகளும் 1923 முதல் 1929 வரை வெளிவந்தன.

1929இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தத்துவவாதி ஹைடெக்கரோடு நடந்த விவாதத்தைத்தான் பலரும் பேசுவார்கள். அதே ஆண்டு காசிரர் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் தலைவரானதும் சின்ன விஷயமல்ல. அன்றைய ஜெர்மனியில் யூதர் ஒருவருக்கு அந்தப் பதவி அரிது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறினார். ஆக்ஸ்போர்டு, கோத்தன்பர்க், பிறகு 1941இல் அமெரிக்கா. அமெரிக்கா சென்ற கப்பலில் உடன் வந்தவர் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன்.

எர்வின் பனோஃப்ஸ்கியின் கலை ஆய்விலும் சூசன் லாங்கரின் அழகியலிலும் காசிரரின் கைத்தடம் தெரியும். எனக்கோ கடைசி நூலான ‘அரசு எனும் தொன்மம்’தான் கனமானது. தொன்மத்தை மொழிக்கும் கலைக்கும் உடன்பிறப்பாக வைத்து ஆராய்ந்தவர், அதை நவீன அரசியலில் ஆலையில் துப்பாக்கி செய்வதுபோலத் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று அதில் எழுத வேண்டியதாயிற்று. 1946இல் நூல் வெளிவந்தபோது அவர் இல்லை. 1945 ஏப்ரல் 13 அன்று, ஜெர்மனி சரணடைவதற்குச் சில வாரங்கள் முன்பு, நியூயார்க்கில் இறந்திருந்தார்.