பழைய ஸ்போர்ட்ஸ் கார்: விலைக்கு அப்பால் உள்ள கணக்கு

ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லத்தக்க இந்தியத் தயாரிப்புகள் மிகச் சிலவே. 1990களின் இறுதியில் வெளிவந்த சான் ஸ்டார்ம் அவற்றுள் ஒன்று. இருவர் மட்டுமே அமரக்கூடியது, கூரை திறக்கக்கூடியது, உடல் முழுவதும் கண்ணாடி இழையால் ஆனது. ரெனோ நிறுவனத்தின் 1,149 சி.சி. எஞ்சின் ஏறத்தாழ 60 குதிரைத்திறன் தந்தது. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் பலவும் அதை எளிதில் முந்திவிடும். ஆனால் ஆசை குதிரைத்திறனை எண்ணிப் பார்த்து வருவதில்லை. இத்தகைய காரொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிப் புதுப்பிக்க விரும்பும் வாடிக்கையாளர்கள் அவ்வப்போது வங்கியை நாடுகின்றனர். அவர்கள் முதலில் கேட்பது வாகனக் கடன்.

அது பெரும்பாலும் கிடைக்காது. பயன்படுத்திய வாகனங்களுக்குக் கடன் வழங்கும்போது வங்கிகள் வாகனத்தின் வயதுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கின்றன. 25 ஆண்டு கடந்த கார் அதற்குள் அடங்குவதில்லை. எஞ்சுவது தனிநபர் கடன். 3 லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியில் 3 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 9,965 ரூபாய். மொத்த வட்டி 58,700 ரூபாய் அளவில் வரும். வட்டியைவிடக் கவனிக்க வேண்டியது காலம். தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும். காரோ ஓராண்டுக்கும் மேலாகப் பணிமனையில் நிற்கக்கூடும். அதே தொகையை மாதந்தோறும் தொடர் வைப்பில் சேர்த்து, சேர்ந்த அளவுக்கு வேலையைப் பகுதி பகுதியாகச் செய்வது நலம். அவசரமெனில் நிரந்தர வைப்பின் பேரில் கடன் பெறலாம். அதன் வட்டி வைப்பு வட்டியைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். வீட்டு நகையை அடகு வைத்து இவ்வேலையில் இறங்குவதை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

காரைப் பார்க்கும் முன் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். அண்மையில் வாடிக்கையாளர் ஒருவர் செலவு மதிப்பீட்டுடன் வந்தார். விலை, டிங்கரிங், பெயிண்டிங், டயர் எனச் செலவுகளை ஒழுங்காக எழுதியிருந்தார். சான்றிதழ் நகலிலோ முதல் உரிமையாளர் கடன் பெற்ற நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் நீங்காமல் இருந்தது. அந்நிறுவனம் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடன் தீர்ந்தது என்று எழுதித் தர ஆளில்லை. அப்பதிவு நீங்காத வரை பெயர் மாற்றம் நடவாது; பெயர் மாறாத காரில் போடும் ஒவ்வொரு ரூபாயும் பிறர் சொத்தில் போடும் ரூபாய்தான். அதை நீக்க வழி உண்டு, மாதங்கள் ஆகும். அந்த வேலையை விற்பவர் முடித்த பின்னரே பணம் என்று சொல்லி அனுப்பினேன்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனையுடன் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் திருத்தத்தின்படி 20 ஆண்டு கடந்த காருக்கு இதற்கான கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதி செய்யப்பட்ட கார் எனில் 80,000 ரூபாய். பசுமை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வேறு மாநிலக் கார் எனில் அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, இங்கு மறுபதிவு செய்து, சாலை வரியும் செலுத்த வேண்டும். ‘விண்டேஜ்’ பதிவு பெறலாமே என்று சிலர் கேட்கின்றனர். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அது முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கே உரியது. 1999இல் பதிவான சான் ஸ்டார்ம் 2049 வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் அன்றாடப் பயணத்துக்கு அதை ஓட்ட இயலாது.

இனி கார். கண்ணாடி இழை துருப்பிடிக்காது என்பது உண்மையே. ஆனால் அதைத் தாங்கும் சேஸிஸ் இரும்பு. மேலே பளபளப்பும் அடியில் துருவுமாக நிற்கும் கார்கள் உண்டு. லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துப் பாராமல் முன்பணம் தரலாகாது. எஞ்சினை ஒரு நல்ல மெக்கானிக் மீட்டுவிடுவார். முன்கண்ணாடி, கதவு ரப்பர், விளக்குக் கூடு, கூரைத் துணி ஆகியவைதாம் ஆளை அலைய வைப்பவை. சொற்ப எண்ணிக்கையில் உற்பத்தியான காருக்கு இவை கடையில் கிடைப்பதில்லை, செய்விக்க வேண்டும். எனவே, பாகங்கள் குறைந்த மலிவான காரைவிட, ஓடாவிட்டாலும் முழுமையாக உள்ள காரே சிக்கனமானது. குர்லா, மாயாபுரி, மல்லிக் பஜார், புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடலாம். எஞ்சினோ கியர் பாக்ஸோ வாங்கினால் ரசீது இன்றி வாங்காதீர்கள். எஞ்சினை மாற்றினால் அதையும், நிறத்தை மாற்றினால் அதையும் சான்றிதழில் பதிவு செய்ய வேண்டும்.

வேலையில் பிரேக், குளிரூட்டும் அமைப்பு, வயரிங் முதலில், பெயிண்ட் கடைசியில். கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று பெயிண்டை முதலில் அடித்துவிட்டு, வயரிங்குக்காக மீண்டும் கழற்றுபவர்களே மிகுதி.

காப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. ஐந்தாண்டு கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பைக் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்கின்றனர். ரசீதுகளையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் காட்டினால் நியாயமான மதிப்பைக் கேட்க முடியும். இழப்பீடு கோரும்போது கண்ணாடி இழைப் பாகங்களுக்கு 30 சதவீதமும், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். உடல் முழுவதும் கண்ணாடி இழையான காருக்கு இது சிறிய தொகையன்று. கழிவில்லாத காப்பீடு இத்தனை பழைய கார்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே, தொடர் வைப்பு முதிர்ந்ததும் முழுத் தொகையையும் பணிமனைக்குக் கொடுத்துவிடாமல், ஒரு முன்பக்க மோதலைச் சரிசெய்யும் அளவுக்காவது சேமிப்புக் கணக்கில் நிறுத்தி வையுங்கள்.