மண்டை வெல்லமும் கேண்டியும்

தேனிப் பக்கம் மிட்டாய் என்று யாரும் சொல்வதில்லை, முட்டாய்தான். எழுதும்போது மட்டும் மிட்டாய் ஆகிவிடும். பெட்டிக்கடை ஜாடியில் கிடக்கும் ஆரஞ்சுச் சுளையும் முட்டாய், வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் பொட்டலம் கட்டித் தரும் சீனி முட்டாயும் முட்டாய். பிள்ளைகள் ‘கேண்டி வேணும்’ என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான், அது என்ன தனியாகக் கேண்டி என்று பெரியவர்களுக்குச் சந்தேகம் வந்தது.

மில்லில் வேலை பார்ப்பவரிடம் கேட்டால் வேறு பதில் சொல்வார். தேனி, ஆண்டிபட்டி வட்டாரத்து நூற்பாலைகளில் கேண்டி என்றால் பஞ்சு. ஒரு கேண்டி சுமார் 356 கிலோ. நம் பழைய ‘கண்டி’ என்ற நிறுத்தல் அளவு வெள்ளைக்காரர் வாயில் புகுந்து அப்படித் திரும்பி வந்திருக்கிறது. பஞ்சு விலை கேண்டிக்கு ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டது என்று பத்திரிகையில் போட்டால் மிட்டாய்க் கடைக்காரர் பதற வேண்டியதில்லை. இலங்கைக் கண்டிக்கும் இனிப்புக்கும்கூட உறவில்லை. சிங்களத்தில் ‘கந்த’ என்றால் மலை, அதிலிருந்து வந்த ஊர்ப் பெயர் அது.

தின்கிற கேண்டி வேறு வழியாக வந்தது. சம்ஸ்கிருதத்தில் கண்டம் என்றால் துண்டு. கட்டிச் சர்க்கரைக்கும் அதே பெயர் வழங்கியது. அது பாரசீகத்தில் கந்த் ஆனது, அரபியில் கந்தி ஆனது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் கேண்டி ஆனது. நம் கற்கண்டில் இருக்கும் ‘கண்டு’ம் அதே சொல். இறுகிக் கட்டியாவதைக் குறிக்கும் திராவிட வேர்தான் இதற்கு மூலம் என்று சொல்கிற மொழியறிஞர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கேண்டி என்பது முதலில் கற்கண்டுதான். மற்றதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

மிட்டாய் வடக்கிலிருந்து வந்த சொல். அங்கே லட்டு, பேடா எல்லாமே மிட்டாய். இங்கே வந்ததும் ஒரு விரல் பருமனுக்குச் சுருங்கிவிட்டது. ‘மிட்டாய்க் கடை’ என்ற பெயர்ப் பலகையில் மட்டும் அந்தப் பழைய அகலம் மிஞ்சியிருக்கிறது. இனிப்புச் சொற்களே இப்படி ஊர் சுற்றுகிறவைதான். சர்க்கரை என்றால் மூலத்தில் பரல்கல். சீனி என்பதில் சீனா இருக்கிறது. இந்திக்காரர்கள் கற்கண்டை மிஸ்ரி என்பார்கள், அதில் எகிப்து இருக்கிறது. அஸ்கா என்று சில ஊர்களில் சொல்கிறோமே, அது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இருக்கும் ஓர் ஊர். அங்கே இருந்த சர்க்கரை ஆலையின் சரக்கு ஊர்ப் பெயரோடு நம் சமையலறைக்கு வந்தது.

சொல்லை விட்டுவிட்டுச் சட்டிக்குப் போவோம். அத்தனை மிட்டாய்க்கும் அடிப்படை ஒரே பாகுதான். பேரும் உருவமும் மாறுவது பதத்தால்.

கடலை மிட்டாய் போடுகிற ஒரு சின்னக் கூடத்தில் பாருங்கள். அடுப்பில் வெல்லப்பாகு பெருங்குமிழாகக் கொதிக்கிறது. பக்கத்தில் ஒரு தட்டில் பச்சைத் தண்ணீர். மாஸ்டர் கரண்டி நுனியால் ஒரு சொட்டை அதில் விடுகிறார். விரலால் கூட்டினால் உருள்கிறது, ஆனால் அமுக்கினால் நசுங்குகிறது. “இன்னும் வரல.” இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. இந்த முறை உருட்டியதை எடுத்துத் தட்டின் விளிம்பில் எறிகிறார். டங். சட்டி உடனே இறங்குகிறது, தோல் நீக்கிய வறுகடலை உள்ளே விழுகிறது, மேசையில் கொட்டி உருளையால் தேய்த்து, சூடு ஆறுமுன் வில்லை போடுகிறார்கள். அந்த ‘டங்’குக்கு முன்னால் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பின்னால் இறக்கினால் காந்தல் கசக்கும். வெப்பமானி அந்தக் கூடத்தில் கிடையாது, தேவையும் இல்லை.

வெப்பமானி என்ன சொல்லும் என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை. கொதிக்கிற சர்க்கரைப் பாகின் சூடு, அதில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதற்கான கணக்கு. கம்பிப் பதம் 110 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். இளம் உருட்டுப் பதம் 112 முதல் 116 வரை, அப்போது பாகில் சுமார் 85 சதவீதம் சர்க்கரை. முற்றிய உருட்டுப் பதம் 121-க்கு மேல். 150-ஐ நெருங்கும்போது தண்ணீர் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் பாக்கி. அந்தப் பாகு ஆறினால் கண்ணாடி போல் நொறுங்கும். 160 தாண்டினால் நிறம் சிவந்து கருகல் மணம் ஏறும். இந்தக் கணக்கு சீனிப் பாகுக்குப் பொருந்தும். வெல்லத்தில் அழுக்கும் வேறு சர்க்கரைகளும் கலந்திருப்பதால் கொஞ்சம் முன்னே பின்னே போகும், சீக்கிரம் கருகும். அதனால்தான் மாஸ்டர் காதை நம்புகிறார்.

இனி ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியதே இல்லை, பதத்தைச் சொன்னால் மிட்டாய் புரிந்துவிடும். கமர்கட்டு என்பது வெல்லமும் தேங்காய்த் துருவலும் முற்றிய பதத்தில் உருண்டது. ஆரஞ்சு மிட்டாய், புளிப்பு மிட்டாய், குச்சி மிட்டாய் மூன்றும் கண்ணாடிப் பதம். ஜவ்வு மிட்டாய் பாகு இளகலாக இருக்கும்போதே இழுத்து இழுத்துக் காற்றேற்றியது. மூங்கில் கம்பின் உச்சியில் கைதட்டும் பொம்மையைக் கட்டி வருகிற மிட்டாய்க்காரர் அதிலிருந்து கிள்ளி, வாட்ச் செய்து பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிவிட்டு, கடைசியில் ஒரு துணுக்கைக் கன்னத்தில் ஒட்டுவார். அந்தத் துணுக்கு இலவசம், ருசியும் அதற்குத்தான் அதிகம். தேன் மிட்டாயில் தேன் கிடையாது. அரிசி, உளுந்து மாவைப் பொரித்துச் சீனிப் பாகில் ஊறப்போட்டது. தேனி என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான்.

கற்கண்டு இந்த வரிசையில் சேராது. மற்ற மிட்டாய்கள் அவசரத்தில் இறுகியவை, கற்கண்டு பொறுமையில் வளர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரணச் சூட்டில் சுமார் 2 கிலோ சர்க்கரையைக் கரைக்கும், கொதிநிலையில் 4.8 கிலோ வரை கரைக்கும். சூடான அடர்பாகை ஆடாமல் அசையாமல் ஆறவிட்டால், கூடுதலாகக் கரைந்த சர்க்கரைக்கு இடமில்லாமல் போய், உள்ளே தொங்கும் நூலைப் பற்றிக்கொண்டு படிகமாக வளரும். பனங்கற்கண்டுக்கு இது பல வாரம் பிடிக்கும். ஆரஞ்சு மிட்டாய்க்கு நேர்மாறான கவலை: அதில் படிகம் கட்டவே கூடாது, கட்டினால் மணல் மணலாகிவிடும். அதற்குத்தான் பாகில் எலுமிச்சைச் சாறு விடுகிறார்கள். புளிப்பு சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைத்துவிடும். அந்தத் துண்டுகள் இடையில் புகுந்து படிகம் அடுக்கவிடாமல் கெடுக்கும். ஆனால் கண்ணாடிப் பதச் சர்க்கரைக்கு ஈரம் ஆகாது. ஆனி, ஆடியில் கம்பம், கூடலூர் பக்கம் மேற்கு மலையைத் தாண்டிச் சாரல் அடிக்கும்போது ஜாடியில் மிட்டாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அதனால்தான். அதே ஜாடிக்குப் பக்கத்தில் கற்கண்டு சும்மா கிடக்கும்.

இந்த மாவட்டத்தின் பங்கு மிட்டாயைவிட அதற்கு முந்தைய கட்டத்தில்தான் பெரிது. வைகை அணைப் பக்கம் வரதராஜ் நகரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. பெரியகுளம் வட்டாரத்தில் கரும்பாலைகள் இருக்கின்றன. அங்கே சாறு பெரிய கொப்பரையில் கொதிக்கும், காய்ந்த சக்கையே விறகு. சாற்றின் புளிப்பை முறிக்கவும் அழுக்கைத் திரட்டவும் சுண்ணாம்பு விடுவார்கள். மேலே பொங்கும் அழுக்கை அரித்து எடுத்து, பாகு இறுகியதும் கையால் உருட்டினால் மண்டை வெல்லம், அச்சில் ஊற்றினால் அச்சு வெல்லம். பொங்கலுக்குச் சின்னமனூர்ப் பக்கமிருந்து லாரி லாரியாகப் போகும் செங்கரும்பு இந்த வேலைக்கு வராது, அது கடித்துத் தின்ன மட்டும். வெல்லம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல சமயம் அது ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்த நிறம். மிட்டாய் போடத் தெரிந்தவர் கறுத்ததைத்தான் கேட்டு வாங்குவார்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணின் நிலக்கடலைக்குத்தான் பேர் கிடைக்கிறது. வெல்லத்தைத் தேனிப் பக்கமிருந்து வாங்குகிறவர்கள் அங்கே உண்டு என்பது நம்மூர் வியாபாரிகளுக்குத் தெரியும். அதில் சேரும் ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூர்ச் சந்தையைக் காட்டினாலும் தப்பில்லை.

பஞ்சு மிட்டாய் விட்டுப்போயிற்று. அதற்கு இயந்திரம் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பல் டாக்டர்: அமெரிக்காவின் வில்லியம் மாரிசன், 1897-இல், ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரோடு சேர்ந்து. உருகிய சீனி சுழலும்போது நுண்துளை வழியே வெளியே தெறித்து, காற்றுப் பட்டதும் நூலாக உறைந்துவிடும். அதுவும் கண்ணாடிப் பதம்தான், மயிரிழைக் கண்ணாடி. இங்கே அதை அடர் ரோஸ் நிறமாக்கியது ரோடமின்-பி என்ற துணிச் சாயம் என்று பரிசோதனையில் தெரிந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அந்தச் சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. சாயம் போடாவிட்டால் அதன் நிறம் வெள்ளை. திருவிழாவில் பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் அந்த வெள்ளையைக் கேளுங்கள். ருசியில் எள்ளளவும் வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் இரண்டிலும் இருப்பது சீனி ஒன்றுதான்.